பிரிந்த பிறகு பிள்ளை யாரிடம்? குடும்ப நீதிமன்ற வராண்டாவில் கேட்கும் கேள்விகள்

குடும்ப நீதிமன்ற வராண்டாவில் ஒரு தனிச் சட்டம் புழங்குகிறது. வாய்தாவுக்குக் காத்திருப்பவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அது. "அஞ்சு வயசு வரைக்கும் அம்மா, அப்புறம் அப்பா", "சம்பளத்துல கால் பங்கு எழுதிக் குடுத்துடுவாங்க", "காசு தரலன்னா புள்ளையக் காட்டாதே." இதில் பாதி அரைகுறை, மீதி தப்பு. அதை நம்பி எடுக்கும் முடிவுகளைப் பின்னால் திருத்துவது கஷ்டம் என்பதால், அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் வழக்கு நடத்துபவர்களை மனதில் வைத்து எழுதியது இது. உங்கள் வழக்கின் காகிதங்களைப் பார்த்த வழக்கறிஞர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

விவாகரத்து கேட்காமல், குழந்தைக்காக மட்டும் வழக்குப் போடலாமா?

போடலாம். 1890-ஆம் ஆண்டின் கார்டியன் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் யாராக இருந்தாலும் அதன் கீழ் மனு போடலாம். ஏற்கெனவே விவாகரத்து வழக்கு நடக்கிறது என்றால் தனி வழக்கு தேவையில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவில், அதே வழக்கிலேயே, குழந்தை யாரிடம் இருக்க வேண்டும், படிப்புச் செலவு யார் தர வேண்டும் என்று இடைக்கால மனு போடலாம். பதிவுத் திருமணம் செய்தவர்களுக்குச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் 38-வது பிரிவும், கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 43-வது பிரிவும் இதே வேலையைச் செய்கின்றன.

சென்னைக்காரர்களுக்கு ஒரு விஷயம். முன்பெல்லாம் கார்டியன் மனுவை நேரடியாக உயர் நீதிமன்றத்திலேயே போடுவார்கள். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், இனி அது குடும்ப நீதிமன்றத்தின் வேலை என்று தீர்ப்பளித்தது. பழைய நினைப்பில் யாராவது உயர் நீதிமன்றத்தில் போடலாம் என்று யோசனை சொன்னால் இதை நினைவூட்டுங்கள்.

எந்த ஊர் நீதிமன்றத்தில் போட வேண்டும்?

கஸ்டடி வழக்கு, அதாவது பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்ற வழக்கு என்றால், குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊரில். "வழக்கமாக" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆறு மாதம் வாதாடலாம் என்பதுதான் சிக்கல். கோவையில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளையைப் பெரிய பரீட்சை லீவுக்குத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போன அம்மா அங்கேயே தங்கிவிட்டால், எந்த ஊர் நீதிமன்றம்? எத்தனை நாள் ஆயிற்று, புது ஊரில் பள்ளியில் சேர்த்தாயிற்றா, எந்த எண்ணத்தில் போனார்கள் என்பதையெல்லாம் பார்ப்பார்கள். அதனால்தான் பிரிந்த முதல் இரண்டு மூன்று மாதங்கள் முக்கியமானவை. "பெரியவங்க பேசி முடிக்கட்டும்" என்று ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டு வருபவர், அதற்குள் குழந்தைக்குப் புது ஊரே சொந்த ஊராகிவிட்டதைத்தான் பார்ப்பார்.

ஜீவனாம்ச வழக்கில் இந்தத் தகராறு குறைவு. கணவர் இருக்கும் ஊரிலும் போடலாம், மனைவி இப்போது வசிக்கும் ஊரிலும் போடலாம்.

ஐந்து வயது வரை அம்மாவிடம், அதன்பின் அப்பாவிடம். இதுதானே சட்டம்?

முதல் பாதி ஏறக்குறைய சரி. இரண்டாவது பாதி சட்டத்திலேயே கிடையாது.

1956-ஆம் ஆண்டு இந்து இளவர் (மைனர்) மற்றும் கார்டியன் சட்டத்தின் 6-வது பிரிவு, ஐந்து வயது நிரம்பாத குழந்தை "சாதாரணமாக" அம்மாவிடம் இருக்கும் என்கிறது. சாதாரணமாக என்றால், தக்க காரணம் இருந்தால் மாறலாம் என்று அர்த்தம். ஐந்து முடிந்ததும் அப்பாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எந்த வரியும் இல்லை. ஐந்தாவது பிறந்தநாள் கேக்கோடு அப்பா வந்து பையை எடுத்து வை என்று சொல்ல முடியாது. அப்போதும் குழந்தைக்கு எது நல்லது என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். அதே சட்டத்தின் 13-வது பிரிவு, குழந்தையின் நலனே எல்லாவற்றிலும் மேலானது என்கிறது.

ஆனால் அப்பாதானே கார்டியன்?

கார்டியன் வேறு, கஸ்டடி வேறு. குழந்தை யாரோடு தூங்கி எழுகிறது என்பது கஸ்டடி. குழந்தையின் சார்பில் கையெழுத்துப் போடுவதும் அதன் சொத்தைப் பார்த்துக்கொள்வதும் கார்டியனின் வேலை. அந்த 6-வது பிரிவு, அப்பா இயற்கையான கார்டியன், "அவருக்குப் பின்" அம்மா என்கிறது. அவருக்குப் பின் என்றால் அவர் இறந்த பின் என்றே ரொம்ப நாள் பொருள் சொல்லிவந்தார்கள். கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க அம்மாவாகத் தான் கையெழுத்துப் போட்டது ஏற்கப்படாததால் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1999-இல் தீர்ப்பு வந்தது. அவருக்குப் பின் என்றால் அவர் இல்லாதபோது என்று படிக்க வேண்டும், உயிரோடு இருந்தும் குழந்தையைக் கவனிக்காத அப்பாவும் இல்லாதவர்தான் என்றது நீதிமன்றம். வங்கியில் யாராவது "அப்பா கையெழுத்து வேணும்மா" என்று திருப்பி அனுப்பினால் சொல்வதற்கு இது உதவும்.

குழந்தையின் பெயரில் இருக்கும் வீட்டையோ நிலத்தையோ, அப்பாவாக இருந்தாலும் அம்மாவாக இருந்தாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது.

நீதிபதி உண்மையில் எதைப் பார்க்கிறார்?

பெரும்பாலானவர்கள் தவறாகப் புரிந்துகொண்டு வருவது இங்கேதான். கல்யாணத்தில் யார் தப்பு செய்தார்கள் என்பதை நிரூபித்துவிட்டால் குழந்தை கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். மாமியார் என்ன சொன்னார், நகையை யார் எடுத்துப் போனார்கள், வாட்ஸ்அப்பில் யாரோடு பேசினார் என்று நாற்பது பக்கம் எழுதிக் கொடுக்கிறார்கள். பிள்ளை எந்த வகுப்பு, எந்த டாக்டரிடம் காட்டுகிறார்கள், இரவில் எத்தனை மணிக்குத் தூங்கும் என்பது அந்த நாற்பது பக்கத்தில் எங்குமே இருக்காது. நீதிபதிக்குத் தேவை அதுதான்.

சென்னையிலிருந்து போன ரோஸி ஜேக்கப் வழக்கில் 1973-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல. அப்பாவுக்கு என்ன உரிமை, அம்மாவுக்கு என்ன உரிமை என்பதெல்லாம் குழந்தையின் நலனுக்குப் பின்னால்தான் வரும்.

நடைமுறையில் எடைபோடுவது இவற்றை: இதுவரை தினசரி கவனித்துக்கொண்டது யார், பள்ளி மாறாமல் தொடருமா, வேலைக்குப் போகும் நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள், அண்ணன் தங்கையைப் பிரிக்க வேண்டி வருமா, வீட்டில் அடிதடியோ குடியோ உண்டா. வருமானம் ஒரு காரணம்தான், ஆனால் சம்பளம் குறைவு என்பதற்காக மட்டும் அம்மா தோற்பதில்லை. குறைந்தால் அப்பாவிடம் வாங்கித் தர நீதிமன்றத்துக்கு வழி இருக்கிறது. கணவன் மனைவி உறவில் தப்பு செய்தவர் என்பதாலேயே ஒருவர் மோசமான அம்மாவோ அப்பாவோ ஆகிவிடுவதும் இல்லை. அந்தத் தப்பு குழந்தையை எப்படிப் பாதித்தது என்று காட்ட முடிந்தால்தான் அதற்கு எடை.

இன்னொன்றும் கவனிக்கப்படும்: யார் மற்றவரைப் பார்க்க விடுகிறார் என்பது. குழந்தையின் மனதில் மற்றவரைப் பற்றி விஷம் ஏற்றுவதை உச்ச நீதிமன்றம் 2017-இல் விவேக் சிங் வழக்கில் தனியாகவே பேசியிருக்கிறது.

குழந்தையிடம் கேட்பார்களா?

விவரம் புரிந்து விருப்பம் சொல்லும் வயது என்றால் கேட்கலாம் என்று 1890 சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. இத்தனை வயது என்று எண் கிடையாது. பெரும்பாலும் நீதிபதி தன் அறைக்கு அழைத்து, பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டுப் பேசுவார். முதலில் பள்ளிக்கூடக் கதை, நண்பர்கள் பெயர், பிடித்த சாப்பாடு. குழந்தை சொல்வதை அப்படியே தீர்ப்பாக எழுத வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

தயவுசெய்து சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளை "எனக்கு அப்பாவால் மன உளைச்சல்" என்று சொன்னால் அது யாருடைய வார்த்தை என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும்.

விசிட்டிங் எப்படிக் கேட்க வேண்டும்?

கஸ்டடி கிடைக்காதவருக்குப் பிள்ளையைப் பார்க்கவும் பேசவும் வழி உண்டு. வழக்கின் தொடக்கத்தில் பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்திலேயே, சனி அல்லது ஞாயிறு, ஓரிரு மணி நேரம் என்று போடுவார்கள். என்னைக் கேட்டால் அது யாரும் பிள்ளையோடு இருக்கும் இடம் இல்லை. கையில் சாக்லேட் பாக்கெட்டோடு அப்பா ஒரு பக்கம், கதவருகில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மாமா மறுபக்கம். ஆரம்பத்தில் நம்பிக்கை வளர அது உதவும். சில வாரங்கள் தகராறில்லாமல் போனதும் பூங்கா, அப்புறம் வீடு, அப்புறம் இரவு தங்குதல் என்று மாற்றித் தரும்படி மனு போடுங்கள். உத்தரவு தானாக வளராது.

உத்தரவில் என்னென்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதில்தான் எல்லாம். "மாதம் இருமுறை பார்க்கலாம்" என்று மட்டும் இருந்தால் ஒவ்வொரு முறையும் சண்டைதான். எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த இடத்தில், யார் கொண்டுவந்து விடுவது, காய்ச்சல் வந்தால் எந்த நாளுக்கு மாற்றுவது, தீபாவளி யாரிடம் பொங்கல் யாரிடம், கோடை விடுமுறையை எப்படிப் பிரிப்பது, பிறந்தநாள் அன்று என்ன செய்வது, இவ்வளவும் எழுத்தில் வரட்டும். பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்குப் போவதும் மதிப்பெண் அட்டை பார்ப்பதும்கூட. வீடியோ காலில் தினம் பேசுவதையும் கேட்கலாம். நேரில் பார்க்க முடியாத தூரத்தில் இருப்பவருக்கு அந்தத் தொடர்பு உரிமை வேண்டும் என்று 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மாதத்தில் பாதி இங்கே பாதி அங்கே என்ற கூட்டுக் கஸ்டடியைச் சட்டத்தில் சேர்க்கும்படி சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. சட்டம் மாறவில்லை. ஆனால் இருவரும் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் நீதிமன்றம் ஏற்றுக்கொள்வதுண்டு. ஒரே ஊரில், பள்ளிக்குப் பக்கத்தில் இருவரும் இருந்தால்தான் அது ஓடும்.

பணம் தரவில்லை. பிள்ளையைக் காட்டாமல் இருக்கலாமா?

கூடாது. "பிள்ளையைக் காட்டவில்லை, பணம் தர மாட்டேன்" என்பதும் கூடாது. இரண்டும் தனித்தனி உத்தரவுகள். பணம் வராவிட்டால் அதை வசூலிக்கத் தனி வழி இருக்கிறது. காட்டாவிட்டால், உத்தரவை நடத்தித் தரும்படி கேட்கும் நிறைவேற்று மனுவும் நீதிமன்ற அவமதிப்பும் இருக்கின்றன. ஒன்றுக்கு ஒன்று பழி வாங்கினால், நேற்றுவரை நியாயம் இருந்தவரும் இன்று எதிர்மனுதாரர் ஆகிவிடுவார்.

பிள்ளைக்கு ஜீவனாம்சம் எவ்வளவு கிடைக்கும்?

கால் பங்கு கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், 2017-இல் ஒரு வழக்கில் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்கு நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மனைவிக்கான தொகை பற்றியது, எல்லோருக்கும் பொருந்தும் சூத்திரமும் இல்லை. பிள்ளைக்கு எவ்வளவு என்பது செலவையும் இருவரின் வருமானத்தையும் பொறுத்தது.

2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்காகும். அதனால் தள்ளிப்போடாமல் போடுங்கள். பள்ளிக் கட்டண ரசீது, வேன் கட்டணம், டியூஷன், மருந்துச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், இவற்றை மாதவாரியாக ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள். "மாதம் முப்பதாயிரம் ஆகிறது" என்று வாயால் சொல்வதைவிட ரசீது பேசும்.

அம்மாவும் சம்பாதித்தால் அவருக்கும் பங்கு உண்டு. பத்மஜா சர்மா வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் அப்பாவுக்கு இரண்டு பங்கு, அம்மாவுக்கு ஒரு பங்கு என்று பிரித்தது. அது அந்த வழக்கின் வருமானக் கணக்கு.

பிரிவு எண்ணில் குழப்பம் வேண்டாம். இத்தனை வருடம் "125 கேஸ்" என்று சொல்லிவந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144-வது பிரிவு. ஆமாம், முன்பு கலவர நேரத்தில் ஊரடங்கு போட உதவிய அதே எண். "144 போட்டிருக்கேன்" என்று சொன்னால் சொந்தக்காரர்கள் பயந்துபோகிறார்கள். அதில் இடைக்காலத் தொகை கேட்கும் மனுவை, எதிர்த்தரப்புக்குச் சம்மன் சேர்ந்த 60 நாளுக்குள் முடிந்தவரை தீர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது.

உத்தரவு வந்தும் தரவில்லையே?

சம்பளத்தை, சொத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம். ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். 144-இன் கீழ் வசூலுக்கு, தொகை தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும் என்பதை மறக்காதீர்கள். மூன்று வருட பாக்கியைச் சேர்த்துவைத்து ஒரேயடியாகக் கேட்கலாம் என்று இருந்தால் பழையது கையை விட்டுப் போகும். சிறைக்குப் போய் வந்துவிட்டால் கடன் தீர்ந்தது என்று நினைக்கும் அப்பாக்களுக்கு: தீராது. 1989-லேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது.

18 வயதுக்குப் பிறகு?

144-இல் 18 வயதோடு முடிகிறது. உடல், மனக் குறைபாட்டால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு மட்டும் தொடரும். ஆனால் திருமணமாகாத இந்து மகள், தன்னைப் பராமரிக்க வழியில்லை என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து தத்து மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-வது பிரிவில் தனியாகக் கேட்கலாம். 2020-இல் அபிலாஷா வழக்கில் இந்த வித்தியாசம் தெளிவாயிற்று. மகனின் கல்லூரிச் செலவைப் பற்றி யோசிப்பவர்கள், சமரச ஒப்பந்தம் போடும்போதே எந்த ஆண்டு வரை, யார், எவ்வளவு என்று எழுதிவிடுங்கள்.

பள்ளி வாசலிலிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். போலீஸ் புகார் எடுக்க மறுக்கிறது.

கஸ்டடி உத்தரவு எதுவும் இல்லாத நிலையில், பெற்ற அப்பாவோ அம்மாவோ அழைத்துப் போனதைக் கடத்தல் என்று பதிவு செய்யப் போலீஸ் பொதுவாகத் தயங்கும். புகாரை எழுத்தில் கொடுத்து மனு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு நிற்காமல் உடனே குடும்ப நீதிமன்றத்தில் இடைக்கால மனு போடுங்கள். அவசரம் என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது பிள்ளையை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரச் சொல்லும்படி கேட்பது. கஸ்டடி விஷயத்தில் அதைப் பயன்படுத்தலாம், ஆனால் மற்றவரிடம் குழந்தை இருப்பது சட்டத்துக்கு மாறானது என்று காட்ட வேண்டும் என்று 2019-இல் தேஜஸ்வினி கவுட் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. அடிதடி நடந்த வீடு என்றால், 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டே தற்காலிகக் கஸ்டடி தரலாம்.

பதிலுக்கு நாமும் ஆள் கூட்டிப் போய்த் தூக்கி வந்துவிடலாம் என்று தாய்மாமன் சொல்வார். கேட்காதீர்கள்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். பெற்றோரே குழந்தையை வேறு நாட்டுக்குக் கடத்திப்போவது பற்றிய 1980-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. அதனால் போன பிறகு திருப்பிக் கொண்டுவருவதைவிடப் போகாமல் தடுப்பது எளிது. குழந்தையின் பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்கவும், அனுமதியின்றி வெளியே கொண்டுபோகக் கூடாது என்றும் இடைக்கால உத்தரவு கேளுங்கள். ஒரு பெற்றோரின் சம்மதம் இல்லாமலேயே, காரணம் காட்டி உறுதிமொழி கொடுத்துக் குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க வழி இருப்பதால், வழக்கு நடப்பதைப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவித்து வையுங்கள்.

அங்கிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட பிள்ளை என்றால், வெளிநாட்டு நீதிமன்ற உத்தரவை இங்குள்ள நீதிபதி கணக்கில் எடுப்பார். ஆனால் 2017-இல் நித்யா ஆனந்த் ராகவன் வழக்குக்குப் பிறகு, குழந்தையின் நலன் அதற்கும் மேலே நிற்கிறது.

முஸ்லிம் குடும்பங்களுக்கு?

முஸ்லிம் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஹனஃபி முறைப்படி மகன் ஏழு வயது வரையும் மகள் பருவமடையும் வரையும் அம்மாவிடம் இருப்பார்கள். வழக்கு என்று வந்தால் இதைக் கவனித்தாலும், குழந்தையின் நலனையும் 1890 சட்டத்தின்படி பார்ப்பார்கள். பிள்ளையின் ஜீவனாம்ச உரிமை அம்மாவின் உரிமையோடு கட்டப்பட்டதல்ல என்று 1997-இல் நூர் சபா கத்தூன் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது.

பரஸ்பர சம்மதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மாற்ற முடியுமா?

முடியும். கஸ்டடி உத்தரவு எதுவுமே கடைசி உத்தரவு இல்லை. பிள்ளை வளரும்போது சூழ்நிலை மாறினால் திரும்பக் கேட்கலாம். "சீக்கிரம் முடிந்தால் போதும்" என்று பிள்ளைக்கு ஒரு பைசாவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த அம்மாக்கள் நிறைய. அது உங்கள் பணம் இல்லை, பிள்ளையின் பணம். விட்டுக்கொடுத்ததாக எழுதியிருந்தாலும் பிள்ளையின் பெயரில் கேட்கலாம்.

அப்பாவின் சொத்தில் பிள்ளைக்கு உள்ள வாரிசு உரிமையும் விவாகரத்தால் போகாது.

வக்கீல் வைக்க வசதி இல்லை.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தொலைபேசி 15100. ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு உண்டு.

வாய்தாவுக்குக் குழந்தையை அழைத்து வர வேண்டுமா?

நீதிபதி கேட்ட தேதிக்கு மட்டும். மற்ற நாளில் பள்ளிக்கு அனுப்புங்கள். அழைத்து வரும் நாளில், காலை பத்தரை என்று போட்டிருந்தாலும் கூப்பிடுவது மதியம் மூன்று மணியாகலாம். தண்ணீர், தயிர்சாதம், வரைவதற்கு ஒரு நோட்டு எடுத்து வாருங்கள். எதிர்த்தரப்பு வந்ததும் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடிக்காதீர்கள்.